முதலில் தண்ணீர்

ஹமீட் ஜெட் ஸ்கி வாங்கியதற்கு ஒரே ஒரு காரணம்தான் இருந்தது. அது கரையில் நிற்பவரின் கண்ணுக்கு மறையாத தூரத்துக்குள்ளேயே ஓடுகிற வாகனம்.

சாய்ந்தமருதில் இதைக் கேட்டுச் சிரிக்காதவர்கள் குறைவு. கடல் மோட்டார் சைக்கிளை வைத்து யாராவது உலை வைக்க முடியுமா என்றார்கள். ஹமீடின் மனைவி ஸுல்பிகாவைத் தெரிந்தவர்கள் மட்டும் சிரிக்கவில்லை. சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த அன்று அவர்களுடைய பிள்ளைகள் இரண்டு பேரும் போனார்கள். ஸுல்பிகாவுக்குச் சீதனமாக எழுதிய வீட்டில் மலசலகூடத்துத் தரை மாத்திரம் மிஞ்சியது. அதன் பிறகு அவள் ஓர் இரவைக்கூடத் தனியாகக் கழித்ததில்லை. கடைக்குப் போன ஹமீட் அரை மணித்தியாலம் பிந்தினால், சுனாமி வீட்டுத்திட்டத்தின் மூன்றாம் மாடியிலிருந்து இறங்கிவந்து தெருவில் நிற்பாள். மீன்பிடித்துப் பிழைத்த அவன் வள்ளத்தில் ஏறுவதை அடியோடு விட்டான். ஐந்து வருஷம் மேசன்மாருக்குச் சீமெந்து குழைத்தான்.

யுத்தம் முடிந்த மறு வருஷம் தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாகச் சனம் அறுகம்பேக்கு வரத் தொடங்கியது. அங்கே ஒரு ஹோட்டல்காரர், சித்திரை விடுமுறைக்கு முன்னம் சனத்தை ஏற்றிச் சவாரி விட ஜெட் ஸ்கியோடு வந்தால் கரையில் இடமும் மேல்மாடியில் ஓர் அறையும் தருவதாக ஹமீடிடம் சொன்னார். அறையின் ஜன்னல் கடலைப் பார்த்தது. அங்கே இருந்தபடி புருஷனை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கலாம் என்பதால்தான் ஸுல்பிகா சம்மதித்தாள்.

மற்றப் பக்கத்தில் ஒரு விசா இருந்தது. ஸுல்பிகாவின் அண்ணன் மசூர் காக்கா கட்டாரிலிருந்து எடுத்து அனுப்பியது. சித்திரை மாதத்துக்குள் விமானம் ஏறாவிட்டால் அது செல்லாது. ஏறினால் இரண்டு வருஷத்துக்குத் திரும்ப முடியாது. "மிஷின் ஓடினா விசாவக் கிழிச்சிப் போடுவன்" என்று ஹமீட் அவளுக்குச் சொல்லியிருந்தான்.

மிஷின் ஓடவில்லை. அதனால்தான் நான் இந்தக் கதைக்குள் வருகிறேன்.

என் பெயர் அப்துல் ஸமட். வள்ளங்களுக்குப் பின்னால் பூட்டுகிற அவுட்போர்ட் எஞ்சின்களைத் திருத்துவது என் தொழில். கடல் வந்த பிறகு மண்ணுக்குள்ளிருந்து தோண்டியெடுத்த எஞ்சின்களையெல்லாம் என்னிடம்தான் கொண்டுவந்தார்கள். உப்புத் தண்ணீருக்குள் கிடந்த எஞ்சினை வெளியே எடுத்ததும் காயவைக்கக் கூடாது. காற்றுப் பட்ட நிமிஷத்திலிருந்துதான் துரு பிடிக்கத் தொடங்கும். கழற்றும் வரைக்கும் நல்ல தண்ணீருக்குள் அமிழ்த்தி வைக்க வேண்டும். என் வளவில் இருபத்தாறு பீப்பாய்களில் எஞ்சின்கள் ஊறிக் கிடந்தன. பிறகு வெளிநாட்டு நிறுவனங்கள் புது எஞ்சின்களைக் கொடுத்தன. அவற்றைப் பராமரிக்கும் விதத்தை எனக்குப் பழக்கினார்கள், நான் நிந்தவூர் வரைக்கும் கரை முழுக்கப் பழக்கினேன்.

நான் பழக்கியதில் முக்கியமானது ஒன்று. கடலால் வந்ததும் எஞ்சினுக்குள் இருக்கும் உப்பைக் கழுவ வேண்டும். அதற்கு முதலில் தண்ணீரைத் திறந்து, பிறகுதான் எஞ்சினை ஸ்டார்ட் பண்ண வேண்டும். ஏனென்றால் அவுட்போர்ட் எஞ்சினின் காலுக்குள் ஒரு ரப்பர் விசிறி இருக்கிறது. எஞ்சினைக் குளிராக்கும் தண்ணீரை மேலே தள்ளுவது அதுதான். தண்ணீர் இல்லாமல் அரை நிமிஷம் சுற்றினால் உரசிக் கருகிவிடும். பிறகு தண்ணீர் ஏறாது, எஞ்சின் சூட்டில் இறுகிவிடும். காரணத்தைச் சொன்னால் மனிதர் மறக்க மாட்டார்கள் என்பது என் நம்பிக்கை. கரையில் என்னைக் கண்டால், பள்ளிவாசல் பிரசங்கம் தொடங்குவது போல, "ஸமட் காக்காட பயான் துவங்கப் போகுது, ஓடுங்கடா" என்பார்கள். ஆனாலும் அந்தக் கரையில் தண்ணீர் திறக்காமல் எஞ்சின் ஸ்டார்ட் பண்ணுகிற ஆள் ஒருவரும் இல்லை.

ஹமீடின் ஜெட் ஸ்கி வளைகுடா நாடொன்றில் ஓடிப் பழசாகி, கொழும்பில் ஓர் ஏஜென்ட் இறக்கி விற்றது. ஆறு மாத உத்தரவாதம் கொடுத்திருந்தார்கள். அதற்கு அடையாளமாக முக்கியமான ஆணிகளின் தலையில் சிவப்புப் பெயின்ட் வைத்திருந்தார்கள். சிவப்பு வெடித்தால் உத்தரவாதம் போய்விடும்.

பங்குனி நடுப்பகுதியில் அவன் அதைக் கென்டர் லொறியில் ஏற்றிக்கொண்டு என் வளவுக்கு வந்தான். ஸுல்பிகா முன் ஆசனத்தில் இருந்தாள்.

"காக்கா, இஞ்சின் கத்துது. வண்டி போகுதில்ல. மாடு மாதிரி நிக்குது."

"கொம்பனிக்குக் கதைச்சியா?"

"கதைச்சன். நீங்களும் ஒருக்காக் கதைங்க."

போனை ஒலிபெருக்கியில் போட்டான். ஏஜென்டின் ஆள் நல்ல தமிழில் கதைத்தார். கொழும்புக்குக் கொண்டுவந்தால் இலவசமாகச் செய்து தருவார்களாம். ஆனால் முன்னால் பதினேழு வண்டிகள் நிற்கின்றன, சித்திரை முடிந்துதான் கை வைக்கலாம். நான் குறுக்கே புகுந்து, தண்ணீரைப் பின்னால் தள்ளும் விசிறியைச் சுற்றியுள்ள வளையம் தேய்ந்திருக்கலாம் என்று விளக்கத் தொடங்கினேன்.

"அது எங்களுக்குத் தெரியும், பாய். நீங்க திறக்க வேணாம். சிவப்புப் பொட்டு உடைஞ்சா எங்களால ஒண்டும் செய்ய ஏலாது."

போன் நின்றது. ஸுல்பிகாதான் லொறிக்குள்ளிருந்து சொன்னாள்: "கொழும்புக்கு அனுப்பினா மிஷின் திரும்பி வரும். நாள் திரும்பி வருமா?"

ஹமீட் என்னைப் பார்த்தான். "காக்கா, உங்களால ஏலுமா? ஏலாட்டி ஏலா எண்டு சொல்லுங்க. நான் விசாவுக்கு மெடிக்கல் எடுக்கப் போறன்."

"ஏலும்" என்றேன்.

அது பொய்யில்லை. ஆனால் அந்த இயந்திரத்தின் உள்ளே பார்க்கும் ஆசை எனக்கு இருந்ததும் பொய்யில்லை. சிவப்புப் பொட்டு ஸ்பானருக்குக் கீழே வெடித்தபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஜெட் ஸ்கிக்கு வெளியில் சுற்றுகிற விசிறி கிடையாது. வயிற்றின் அடியில் ஒரு வாய் இருக்கிறது. உள்ளே குழாய்க்குள் சுற்றும் விசிறி அந்த வாயால் தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீச்சுகிறது. வயலுக்கு இறைக்கிற பம்பைக் கட்டாமல் விட்டால், தண்ணீர் முன்னுக்குப் பாயப் பாயப் பம்பு பின்னுக்கு உதைக்குமே, அதே உதைப்பில்தான் இந்த வாகனம் ஓடுகிறது. விசிறியின் ஓரத்துக்கும் சுற்றியுள்ள வளையத்துக்கும் நடுவில் ஒரு தாளைச் செருகினால் இறுக வேண்டும். இதில் என் சுண்டுவிரல் நகம் போய்வந்தது. வளையத்தை மணல் தின்றுவிட்டது. அந்த இடைவெளியால் தண்ணீர் திரும்பி நழுவுவதால் விசிறி வெறுமனே சுற்றுகிறது, எஞ்சின் கத்துகிறது, வண்டி நிற்கிறது.

கல்முனையில் லேத் வைத்திருக்கும் அழகரெத்தினம் ரைஸ் மில்களின் அச்சுகளுக்குப் புஷ் என்கிற வளையம் கடைந்து கொடுப்பவர். அளவெடுக்கத் தானே வந்தார். வளையத்தைத் தடித்த நைலோன் உருளையில் கடையலாம் என்றார்.

"ஆனா ஸமட், நைலோன் தண்ணி குடிச்சா ஊதும். இப்ப அளவாக் கடைஞ்சா நாளைக்கு விசிறியப் பிடிச்சி இறுக்கும். ரெண்டு நாள் ஊறப்போட்டிட்டுக் கடைசி வெட்டு வெட்டுவம்."

அந்த மனிதரைக் கட்டிப்பிடிக்கத் தோன்றியது. சாமான் எப்படி நடந்துகொள்ளும் என்று முன்கூட்டியே யோசிக்கிறவர்கள் எத்தனை பேர்?

அவர் ஆசனத்தைத் தூக்கிப் பார்த்தபோது கீழே ஒட்டியிருந்த ஸ்டிக்கரைக் கண்டார். அரபியில் நாலைந்து வரிகள், பக்கத்தில் ஹோஸ் பைப்பின் சின்னப் படம்.

"இது உங்கட எழுத்துத்தானே? என்ன சொல்லுது?"

நான் குனிந்து எழுத்துக் கூட்டினேன். ஹமீடும் கூட்டினான்.

"குர்ஆன் ஓதுவம் அண்ணன். கருத்து விளங்காது" என்றேன்.

"எங்கட கோயில் ஐயர்ர மந்திரம் மாதிரித்தான், என்ன?" அழகரெத்தினம் சிரித்தார். "ஆராவது மௌலவிக்கிட்டக் காட்டன்."

"படத்தப் பாருங்க. தண்ணி அடிச்சிக் கழுவச் சொல்லுது. இந்தக் கரைக்கே நான்தான் அதப் படிச்சுக் குடுத்தவன். ஹோஸ் பூட்டுறதுக்கும் மௌலவியா?"

எல்லோரும் சிரித்தோம். லொறிக்கு அருகில் நின்ற ஸுல்பிகாவும் முந்தானையால் வாயை மறைத்துச் சிரித்தாள். அவள் சிரித்ததை நான் அன்றுதான் கண்டேன்.

வளையம் இரண்டு நாள் ஊறியது. கடைசி வெட்டுக்குப் பிறகு தாளைச் செருகினேன், இறுகியது. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் கரைக்குக் கொண்டுபோனோம். ஹமீட் ஏறிக் கைப்பிடியில் இருந்த விசையை அழுத்தினான். மூக்கு நிமிர்ந்தது, பின்னால் ஆள் உயரத்துக்குத் தண்ணீர் எழுந்தது. அவன் இடமும் வலமுமாகக் கோடு போட்டான். எப்போதும் எங்கள் கண்ணுக்குள்ளேயே. ஸுல்பிகா கடலுக்கு முதுகு காட்டி நிற்பதே வழக்கம் என்று ஹமீட் சொல்லியிருந்தான். அன்று அவள் கடலைப் பார்த்து நின்றாள்.

அங்கேயே முடிந்திருக்க வேண்டும்.

கழுவுவதற்கு வீட்டுத்திட்டத்துக்குக் கொண்டுபோகச் சொன்னவன் நான். என் கிணறு கடல் வந்ததிலிருந்து உவர். அங்கே குழாயில் நல்ல தண்ணீர் வரும். ஹோஸின் ஒரு நுனியை ஜெட் ஸ்கியின் பின்பக்கத்தில் அதற்கென்று இருந்த வாயில் பூட்டினேன், மறுநுனியைக் கீழ்மாடிப் பைப்பில். ஸுல்பிகா பைப்படியில் நின்றாள்.

"காக்கா, திறக்கவா?"

"திற தங்கச்சி. நல்லாத் திற."

பக்கவாட்டில் இருந்த சின்னத் துளையால் தண்ணீர் நூல் போல வந்தது. அவுட்போர்ட் எஞ்சினிலும் அப்படி வந்தால்தான் தண்ணீர் ஏறிவிட்டது என்று அர்த்தம். உப்பு ஒரு சொட்டும் தங்கக் கூடாதே என்று இன்னும் மூன்று நிமிஷம் பொறுக்கச் சொன்னேன். அந்த மூன்று நிமிஷமும் ஹமீடுக்கு ரப்பர் விசிறியின் கதையைச் சொன்னேன்.

"இப்ப ஸ்டார்ட் பட்டன அமத்து."

அமத்தினான். "டக்" என்று ஒரு சத்தம். சுவரில் முட்டியது போல நின்றது. இன்னொரு தரம். "டக்."

"பெட்டரி இறங்கிட்டு" என்றேன். கென்டர் லொறியின் பெட்டரியிலிருந்து வயர் இழுத்துக் கொடுத்தேன். அது பெரிய பெட்டரி. ஹமீட் மறுபடி அமத்தினான். எஞ்சின் ஒரு கணம் பிடித்தது. பிறகு உள்ளே இரும்பு இரும்பை உடைக்கும் சத்தம் கேட்டது. ஆசனத்துக்குக் கீழே எண்ணெய் வழிந்தது.

எஞ்சினுக்குள் நடந்ததைச் சொல்கிறேன். சிலிண்டருக்குள் பிஸ்டன் மேலே ஏறும்போது அங்கிருக்கும் காற்றை நெரிக்கிறது. காற்று நெரிபடும், சுருங்கும், இடம் விடும். தண்ணீர் சுருங்காது. சிலிண்டருக்குள் தண்ணீர் நிறைந்திருந்தால் ஏறுகிற பிஸ்டனுக்கு அது கல். கீழேயிருந்து தள்ளுகிற விசை எங்கேயாவது போக வேண்டும். பிஸ்டனைத் தாங்குகிற தண்டு வளைகிறது. வளைந்த தண்டோடு எஞ்சின் ஒரு சுற்றுச் சுற்றினால் தண்டு முறிந்து, எஞ்சினின் உடம்பை உள்ளேயிருந்து குத்தித் துளைத்துக்கொண்டு வெளியே வரும். சின்னப் பெட்டரியோடு விட்டிருந்தால் ஒருவேளை வளையாமலே தப்பியிருக்கும்.

பிளக்கைக் கழற்றினேன். உள்ளிருந்து தண்ணீர் கொட்டியது.

"இது எங்கால வந்த தண்ணி காக்கா?" என்றான் ஹமீட்.

"பழைய மிஷின். உள்ளுக்குள்ள எங்கேயோ வெடிச்சிருக்கி."

ஸுல்பிகா பைப்பை இன்னும் பிடித்துக்கொண்டு நின்றாள். "நான் கூடுதலாத் திறந்திட்டனா?"

"இல்ல" என்றேன். காரணம் சொல்லாமல் நான் கொடுத்த முதல் பதில் அதுவாகத்தான் இருக்கும்.

ஏஜென்டிடம் கேட்டதற்கு ஒரே கேள்விதான் திரும்பி வந்தது, சிவப்புப் பொட்டு இருக்கிறதா இல்லையா என்று. உடைந்த எஞ்சினுக்கு மாற்று எஞ்சின் எடுப்பது ஹமீடின் கைக்கு எட்டாத காரியம். திங்கட்கிழமை அவன் மெடிக்கலுக்குப் போனான். அறுகம்பேயில் அவனுடைய இடத்தை வெலிகமையிலிருந்து வந்த ஒருவருக்குக் கொடுத்துவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டோம்.

ஜெட் ஸ்கி என் வளவில் கிடந்தது. வெடிப்பைத் தேடினேன். எஞ்சினை முழுதாகப் பிரித்து ஒவ்வொரு துண்டிலும் மண்ணெண்ணெய் பூசி, சுண்ணாம்புத் தூள் தூவிப் பார்த்தேன். வெடிப்பு இருந்தால் மண்ணெண்ணெய் கசிந்து தூளில் கோடு விழும். தண்டு குத்திய துளையைத் தவிர வேறெங்கும் கோடு விழவில்லை. பிறகு தண்ணீர் போகும் குழாய்களை ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தேன். எஞ்சினைச் சுற்றிவந்த தண்ணீர் கடைசியில் புகைக்குழாய்க்குள் விழுகிறது. அதை வெளியே ஊதித் தள்ளுவது எஞ்சினின் புகைதான். எஞ்சின் ஓடாவிட்டால் புகை இல்லை, தள்ள ஆளில்லை. தண்ணீர் புகைக்குழாயில் நிரம்பி, புகை வருகிற வழியால் திரும்பி, சிலிண்டருக்குள் இறங்கும்.

ரப்பர் விசிறியைத் தேடினேன். அப்படி ஒன்றே அதில் இல்லை. பின்னால் பீச்சுகிற தண்ணீரிலிருந்தே ஒரு பங்கு பிரிந்து எஞ்சினைக் குளிராக்க வருகிறது. கருகுவதற்கு ஒன்றுமே கிடையாது. நான் ஐந்து வருஷமாகக் காரணத்தோடு சொல்லிவந்த விதி, அந்தக் காரணமே இல்லாத ஓர் இயந்திரத்துக்குள் போயிருக்கிறது.

ஆசனத்தைக் கழற்றி மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு றினாஸ் மௌலவியிடம் போனேன். அவர் மதீனாவில் படித்தவர். ஸ்டிக்கரை ஒரு மூச்சில் வாசித்தார்.

"முதலில் எஞ்சினை இயக்கவும். அதன் பின்னரே தண்ணீரைத் திறக்கவும். முடிந்ததும் முதலில் தண்ணீரை மூடவும், பின்னர் எஞ்சினை நிறுத்தவும். மாறிச் செய்தால் எஞ்சினுக்குள் தண்ணீர் புகும்." நிமிர்ந்து பார்த்தார். "என்ன காக்கா, பெரிய விசயமா?"

"இல்ல ஹஸ்ரத்" என்றேன்.

ஹமீட் புறப்படும் நாள் காலை வேன் வீட்டுத்திட்டத்து வாசலில் நின்றது. அவனைப் பக்கத்தில் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்டிக்கர், புகைக்குழாய், இல்லாத ரப்பர் விசிறி. குறுக்கே கதைக்காமல் கேட்டான். ஏசுவான் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் நல்லது.

"இனி அதக் கதைச்சி என்ன காக்கா. வளையம் நல்லாத்தான் செஞ்சீங்க." பையைத் தோளில் போட்டான். "எனக்கு ஒரு உதவி. அவள், தான் பைப்பக் கூடுதலாத் திறந்துதான் ஒடைஞ்ச எண்டு இரிக்காள். நான் சொல்லி நம்புறாளில்ல. நீங்க விளங்கப்படுத்தினா நம்புவாள்."

வேன் போனது. ஸுல்பிகா இறங்கி வந்து தெருவில் நிற்கவில்லை. மேலே பல்கனியிலும் காணவில்லை.

மூன்றாம் மாடிக்கு ஏறினேன். கதவு திறந்து கிடந்தது. வீட்டில் வேறு ஆளில்லாததால் உள்ளே போகாமல் படிக்கட்டிலேயே நின்று குரல் கொடுத்தேன். அவள் கதவு நிலையோடு வந்து நின்றாள். கையில் போன்.

"ராவைக்கு ஆர் தங்கச்சி துணை?"

"பக்கத்து வீட்டு அஸீஸா ராத்தா வாறன் எண்டிருக்கா. அவவுக்கும் புள்ளகள் இரிக்கி. எத்தின நாளைக்கு வருவா?"

நான் சொல்ல வந்ததைச் சொன்னேன். பைப்பைக் குறைத்துத் திறந்திருந்தாலும் அதுதான் நடந்திருக்கும், நேரம்தான் கூடியிருக்கும் என்று சொன்னேன். முதலில் தண்ணீர் என்று சொன்னவன் நான், பெரிய பெட்டரியைக் கொடுத்தவனும் நான் என்று சொன்னேன்.

"ஓம் காக்கா" என்றாள். நம்பினாளா என்று தெரியவில்லை. போனைப் பார்த்தபடி கேட்டாள்:

"பிளேன் எவ்வளவு நேரம் கடலுக்கு மேலால போகும்?"

"எல்லாமா அஞ்சு மணித்தியாலம். அதில கடலுக்கு மேல மூண்டு இரிக்கும்."

"அங்க வெச்சி இஞ்சின் நிண்டா?"

பிளேனுக்கு இரண்டு எஞ்சின்கள், ஒன்று நின்றாலும் மற்றது போதும், அப்படித்தான் செய்திருக்கிறார்கள் என்று விளக்கினேன்.

"ரெண்டும் நிண்டா?"

"ரெண்டும் நிண்டாலும் கல்லு மாதிரி விழாது தங்கச்சி. செட்டை இரிக்கிதானே. பருந்து செட்டை அடிக்காமப் போற மாதிரி வழுக்கிக்கொண்டு போகும். அவ்வளவு உயரத்தில இருந்து நூற்றைம்பது கிலோமீற்றர் போகலாம்."

"அதுக்குள்ள கரை வருமா?"

மனதுக்குள் கணக்குப் போட்டேன். இந்தப் பக்கக் கரையும் அந்தப் பக்கக் கரையும் நடுக்கடலிலிருந்து எவ்வளவு தூரம் என்று எனக்குத் தெரியும். விடை வந்தது.

அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வராது, என்ன?" என்றாள்.

கதவடியில் தரையில் அமர்ந்து, போனை மடியில் வைத்தாள். விமான நிலையத்துக்குப் போகிற வேன் இன்னும் பக்கத்து ஊரைக்கூடத் தாண்டியிருக்காது.